பகடைக்குக் கணக்கு போட்ட சூதாடி: யார் இந்த கார்டானோ?

மூன்று பகடைகளை ஒரே நேரத்தில் உருட்டுகிறீர்கள். ஒன்றிலாவது 6 விழ எவ்வளவு வாய்ப்பு? ஒரு பகடைக்கு ஆறில் ஒன்று, அப்போ மூன்று பகடைக்கு ஆறில் மூன்று, அதாவது பாதிக்குப் பாதி. சட்டென்று கேட்டால் பலரும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அது தப்பு. சரியான விடை 216-ல் 91. சுமார் 42 சதவீதம்.

8 சதவீதம்தானே வித்தியாசம் என்று தோன்றலாம். பாதிக்குப் பாதி என்று நம்பி ராத்திரி முழுக்கப் பணம் கட்டிப் பார்த்தால்தான் அந்த 8 சதவீதத்தின் வலி தெரியும். ஜெரோலாமோ கார்டானோவுக்கு அது நன்றாகவே தெரியும். அவர் 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியின் பிரபல மருத்துவர், கணித மேதை. கூடவே, தீராத சூதாடி.

1501-ல் பவியா நகரில் பிறந்தார். அப்பா ஃபாசியோ, மிலான் நகர வழக்கறிஞர். கணிதத்திலும் கெட்டிக்காரர், லியனார்டோ டாவின்சிக்குப் பழக்கமானவர். கார்டானோ பிறந்தபோது பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. இந்த ஒரு விஷயம் அவரைப் பல வருஷம் துரத்தியது. மருத்துவம் படித்து முடித்தும், பிறப்பைக் காரணம் காட்டி மிலான் மருத்துவர் சங்கம் அவரைச் சேர்க்கவில்லை. 1539-ல்தான் கதவு திறந்தது.

நடுவில் சோறு போட்டது பெரும்பாலும் சூதாட்டம். அப்பா விட்டுப்போன சொத்து கரைந்தபோது பகடையும் சீட்டும் செஸ்ஸும் கைகொடுத்தன. வெனிஸில் ஒரு செனட்டர் வீட்டில் குறி வைத்த சீட்டால் ஏமாற்றப்படுவது தெரிந்ததும், அவர் முகத்தில் கத்தியால் கீறிவிட்டு, தோற்ற பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். அன்று இரவே கால்வாயில் தவறி விழுந்தார். ஒரு படகு காப்பாற்றியது. ஏறிப் பார்த்தால் உள்ளே அதே செனட்டர், முகத்தில் கட்டோடு! தன் சுயசரிதையில் அவரே எழுதி வைத்த கதை இது. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம்.

ஆனால் கைகொடுத்த ஆட்டம் காலையும் வாரியது. மனைவி லூசியாவின் நகைகளும் வீட்டுச் சாமான்களும் அடகுக்குப் போயின. கடைசியில் குடும்பத்தோடு மிலான் ஏழைகள் விடுதியில் தங்கும் நிலை வந்தது.

சரி, அவர் போட்ட கணக்கு என்ன?

முதலில் நடக்கக்கூடிய எல்லா விளைவுகளையும் எண்ணு. பிறகு உனக்குச் சாதகமானவை அதில் எத்தனை என்று பார். அவ்வளவுதான். இரண்டு பகடைக்கு 6 x 6 = 36. மூன்றுக்கு 216. அதில் 6 விழவே விழாதவை 5 x 5 x 5 = 125. மிச்சம் 91. பகடை நேர்மையானதாக இருந்தால் மட்டுமே இது செல்லும் என்பதிலும் கறாராக இருந்தார்.

இப்போது சாதாரணமாகத் தெரிகிறது, இல்லையா? அன்றைக்கு அதிர்ஷ்டம் என்பது எண்ணக்கூடிய சமாச்சாரமாகவே பார்க்கப்படவில்லை. கார்டானோவே ஆரம்பத்தில் அந்தப் பாதிக்குப் பாதி தவறைச் செய்தவர்தான். பிறகு திருத்தினார். தப்பான கணக்கை அழிக்காமல் சரியானதோடு சேர்த்தே விட்டுவைத்தார் என்பதுதான் அவர் நூலின் அழகு.

பகடைக்கு எத்தனை பக்கம் இருந்தாலும் வழி இதுதான். ஆட்டின் கணுக்கால் எலும்பு நாலு விதமாக விழும். அந்த ஆட்டத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 20 பக்கப் பகடைக்கும் இதே கதைதான். இரண்டை உருட்டினால் 400 விளைவுகள், ஒன்றிலாவது 20 விழுவது 39-ல் மட்டும். பத்து சதவீதம்கூட இல்லை.

மொத்தம் 32 சின்ன அத்தியாயங்கள். மோதிரத்தில் கண்ணாடி பதித்து எதிராளியின் சீட்டைப் பார்ப்பது, சீட்டில் சோப்பு தடவுவது போன்ற திருட்டு வேலைகளையும் அம்பலப்படுத்துகிறார். ஆடாமல் இருப்பதே பெரிய லாபம் என்கிறார். ஆனால் பெரும் துயரத்தில் இருப்பவர் ஆடினால் தப்பில்லை என்றும் சொல்கிறார்.

துயரத்துக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. 1545-ல் வந்த அவருடைய அல்ஜீப்ரா நூல் ‘ஆர்ஸ் மேக்னா’ ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. 1552-ல் ஸ்காட்லாந்து வரை போய் ஆர்ச்பிஷப் ஜான் ஹாமில்டனின் ஆஸ்துமாவுக்கு வைத்தியம் பார்த்தார். இறகு மெத்தையை மாற்றச் சொன்னது அதில் முக்கியமான யோசனை. எல்லாம் கூடி வந்த நேரத்தில், மூத்த மகன் ஜம்பாட்டிஸ்டா மனைவிக்கு விஷம் வைத்த வழக்கில் சிக்கினான். அப்பா எவ்வளவோ போராடியும் 1560-ல் மரண தண்டனை நிறைவேறியது. இன்னொரு மகன் ஆல்டோ அப்பாவைப் போலவே சூதாடி. வீட்டிலேயே திருடினான். கார்டானோவே புகார் கொடுத்து அவனைப் போலோன்யா நகரைவிட்டு வெளியேற்ற வைத்தார்.

1570-ல் மதவிரோதக் குற்றச்சாட்டில் கார்டானோவும் சிறை சென்றார். விடுதலையானாலும் பாடம் நடத்தத் தடை. கடைசி நாட்கள் ரோமில், போப் தந்த உதவித்தொகையில். 1576-ல் இறந்தார்.

பகடை நூல் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. 1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்களில் இதே துறையை வளர்த்தெடுக்க, நிகழ்தகவின் தந்தைகள் என்ற பெயர் அவர்களுக்குப் போனது. கார்டானோவின் நூல் அச்சானது 1663-ல், அவர் இறந்து 87 வருஷம் கழித்து. பத்து பெரிய தொகுதிகளாக வந்த அவருடைய எழுத்துகளில் பகடைக்குக் கிடைத்தது 15 பக்கம்.