மாதா கோயிலுக்குள் மெஷின் கொண்டுவந்த பாதிரியார்

பிரான்சில் 1750-ல் தையல்காரர் மகனாகப் பிறந்தவர் ஹென்றி கிரெகுவார். படித்துப் பாதிரியாரானார். புரட்சி உச்சத்திலிருந்த 1793-ல் பல பாதிரியார்கள் பயந்து அங்கியைக் கழற்றினாங்க. இவர் மசியவில்லை, அங்கியோடவே சபைக்குப் போனார்.

மறுவருஷமே, தொழிலாளிகளுக்கு மெஷினை ஓட்டிக்காட்டிச் சொல்லித்தர ஒரு கூடம் வேணும்னு வாதாடி, சட்டம் நிறைவேற வைத்தார். 1798-ல் பாரிஸின் பழைய சேன் மார்த்தேன் மடம் அதற்குக் கிடைத்தது. ஜெபம் நடந்த கோயிலில் பிற்பாடு மெஷின்கள் ஓடின. பூமி சுழல்வதைக் காட்டும் ஃபூக்கோ ஊசல் இன்றும் அங்கே ஆடுகிறது.

புரட்சி அரசுக்குச் செய்த சத்தியத்தை 1831-ல் மரணப் படுக்கையிலும் அவர் வாபஸ் வாங்கவில்லை. பேராயர் கடைசிச் சடங்கை மறுத்தார். வேறொரு பாதிரியார் வந்து செய்தார். ஊர்வலத்தில் பெருங்கூட்டம்!

நண்பர்களே, ஒர்க்‌ஷாப்பில் கை கறுத்த நாமெல்லாம் அவருக்குக் கடன்பட்டவங்கதான்.