வளரி கற்ற வெள்ளைக்காரத் துரை

1851-ம் ஆண்டு. விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த வெள்ளிப் பதக்கம் ஒன்று வெளிவந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் கும்பினிக்காகப் போர் செய்தவர்களுக்கு அந்தப் பதக்கம். அதுவும் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான்! மாண்டவர் கணக்கில் சேரவில்லை.

பதக்கத்தின் மேலே மாட்டுவதற்குப் போரின் பெயர் எழுதிய வெள்ளிப் பட்டைகள் இருந்தன. மொத்தம் 21 வகை. டில்லிக்கு இரண்டு. நேபாளத்துக்கு ஒன்று. பர்மா போருக்கும் ஒன்று. பாஞ்சாலங்குறிச்சிக்கும் காளையார்கோயிலுக்கும் பட்டை கிடையாது.

அந்த இரண்டு இடங்களிலும் போரிட்ட ஒருவர் அப்போது 76 வயதுக் கிழவராக உயிரோடு இருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் வெல்ஷ்.

சிறுவயல் விருந்தாளி

வெல்ஷ் 1775-ல் பிறந்தவர். பதினைந்து வயதில் கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்து, மறு ஆண்டு சென்னையில் வந்து இறங்கினார். 1793-ல் புதுச்சேரி முற்றுகையில் இருந்தார். பிறகு மதுரைப் பக்கம் வந்தார்.

1795 பிப்ரவரியில் ராமநாதபுரம் சேதுபதி முத்துராமலிங்கரைக் கும்பினி பட்டத்திலிருந்து இறக்கிச் சிறை வைத்தது. அதே மாதத்தில்தான் வெல்ஷ், காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள சிறுவயலுக்குப் போனார். அங்கே சின்ன மருதுவின் அரண்மனை இருந்தது. வாசலில் காவல்காரன் இல்லை! யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம். மனம் போல வாழ்த்திவிட்டுப் போகும் குடிமக்களைக் கண்டு வெல்ஷ் வியந்தார்.

இளைஞர் வெல்ஷுக்கு ஈட்டி எறியக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது. வளரி வீசக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. கை தேர்ந்தவன் வீசினால் நூறு கஜ தூரம் வரை குறி தப்பாது. பெரிய மருதுவோ, கெட்டியான ஆற்காட்டு ரூபாயை விரலால் வளைத்து விடுவாராம். வெல்ஷ் மதுரைக்குத் திரும்பிய பிறகும் சிறுவயலிலிருந்து உயர்ந்த அரிசியும் பழமும் அவருக்கு வந்து கொண்டிருந்தன. தோல் தடித்த, தித்திப்பான ஆரஞ்சுப் பழத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

விருந்து போட்ட வீட்டோடு போர்

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1801 பிப்ரவரி 2. பாளையங்கோட்டையில் வெள்ளைக்காரர்கள் விருந்து உண்டு கொண்டிருந்த இரவில், ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினார். இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஆறே நாளில் எழுந்து நின்றது! மார்ச் 31-ல் பீரங்கிகள் சுவரில் வழி பிளந்தும் கும்பினிப் படையால் உள்ளே நுழைய முடியவில்லை. மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை மருதுவிடம் போய்ச் சேர்ந்தார்.

கும்பினிப் படை சிவகங்கைச் சீமைக்குள் புகுந்தது. அந்தப் படையில் வெல்ஷும் இருந்தார். கூழ் குடித்த வீட்டைக் கொளுத்தப் போனது போல என்று நம் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். ஆனால் சம்பளம் வாங்கும் சிப்பாய்க்கு ஏது விருப்பும் வெறுப்பும்? சிறுவயல் எரிந்தது. காளையார்கோயில் காட்டை நாட்கணக்கில் வெட்டியும் வழி கிடைக்காமல் படை பின்வாங்கியது. அக்டோபர் 1-ல்தான் காளையார்கோயில் பிடிபட்டது.

தொடையில் குண்டு பட்ட சின்ன மருது பிடிபட்டார். 1801 அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் அண்ணன் தம்பி இருவரையும் தூக்கிலிட்டார்கள். தமக்கு வித்தை சொல்லிக் கொடுத்தவரைக் காட்டு மிருகம் போல வேட்டையாடியதை நினைத்து வெல்ஷ் வருந்தினார்.

தூத்துக்குடியில் ஒரு சிறுவன்

சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது வயது 15. அவனோடு இன்னும் 72 பேரைப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தத் தீர்ப்பாயிற்று. தூத்துக்குடியில் அவர்களைக் காவல் காத்தவர் யார் தெரியுமா? அதே வெல்ஷ்தான். சிறுவனின் விலங்குப் பாரத்தைக் குறைத்தார். அதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. 1802 பிப்ரவரி 11-ல் கப்பல் புறப்பட்டது.

பிறகு வெல்ஷ் வடக்கே மராட்டியப் போருக்குப் போனார். ஆர்காம் என்ற இடத்தில் 1803-ல் நடந்த சண்டையில் இருந்தார். அதற்குப் பட்டை உண்டு. 1806-ல் வேலூர்க் கலகத்தைக் கேட்டு மிரண்டு, பாளையங்கோட்டையில் சொந்தச் சிப்பாய்களின் ஆயுதங்களையே பறித்தார். அதற்காக விசாரணைக்கு நின்று, குற்றமற்றவர் என்று மீண்டார். 1809-ல் ஆரல்வாய்மொழிக் கோட்டையை ஏறிப் பிடித்தார்.

1818-ல் பினாங்குக்குப் போனார். அந்தத் தீவில் வெள்ளைக்காரர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட், வெல்ஷின் மாமனார்தான்! அங்கே ஒருநாள் முகம் சுருங்கி, உடல் தளர்ந்த கிழவர் ஒருவர் அவர் எதிரே வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. வந்தவர் தம் பெயரைச் சொன்னார்.

துரைசாமி! அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும்.

இந்தச் சந்திப்பையும், சிறுவயல் நாட்களையும் வெல்ஷ் 1830-ல் இரண்டு பாகமாக வெளியிட்ட தம் போர் நினைவு நூலில் எழுதி வைத்தார். 1861-ல் ஜெனரல் பதவியோடு இறந்தார்.