அலமாரியில் தூங்கும் பேய்க் கதைகள்: எழுப்ப வழி சொன்ன எஸ்.ஆர்.ரங்கநாதன்

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமல்பட்டியில் வீட்டு வரி கட்டுகிறவர், கூடவே நூலக வரியும் கட்டுகிறார். அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகத்தை யாருமே எடுக்கவில்லை என்றால் குறை யாரிடம்? வாசகரிடம் இல்லை, நூலகத்திடம்தான் என்று யோசித்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன்.

1892-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வந்த சில நாளிலேயே போரடித்துவிட்டது. பழையபடி பாடம் நடத்தப் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வரட்டும் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். மனசு மாறியது. திரும்பி வந்து சுமார் 20 ஆண்டுகள் அதே வேலையில் இருந்தார்.

வாசகர்களே அலமாரி வரை போய்ப் புத்தகத்தைப் புரட்ட வழி செய்தார். 1931-ல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். மூன்றாவது விதி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது. புத்தகம் தானாக நடந்து போகாது. வாசகர் கண்ணில் படும்படி அதை வைப்பது நூலகரின் வேலை.

இதைப் பேய்க் கதைக்குப் பொருத்திப் பாருங்க. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ மற்ற சிறுகதைப் புத்தகங்களுக்கு நடுவே முதுகு மட்டும் தெரிய நிற்கும். திகில் தேடி வருகிறவர் அதைக் கடந்து போய்விடுவார். பேய்க் கதை இருக்கா என்று கேட்கவும் சிலருக்குக் கூச்சம்.

இங்கேதான் வாசகரும் கை வைக்கிற மாதிரியான காட்சி மேசை உதவும். கறுப்புத் தாள் சுற்றிய புத்தகங்கள். மேலே ஒரு சீட்டு: லேசான பயமா, தூக்கம் போகிற பயமா? தாளைப் பிரித்தால்தான் தலைப்பு தெரியும். படித்தவர் தன் பங்குக்கு மார்க் போட்டு ஒட்டுவார். அதைப் பார்த்து அடுத்தவர் எடுப்பார். செலவு? கொஞ்சம் சார்ட் பேப்பர், அவ்வளவுதான்.

ரங்கநாதனின் நீண்ட முயற்சிக்குப் பலனாக 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. நூலக வரி பிறந்தது அதில்தான். கடைசிக் காலத்தில் பெங்களூரில் குடியிருந்தவர், 1962-ல் அங்கே நூலகவியல் பயிற்சி மையம் தொடங்கினார். 1972-ல் அங்கேயே காலமானார்.

வரி வசூலானால் புத்தகம் வந்துவிடும். அது ஒருவர் கைக்குப் போனால்தான் அவர் நினைத்த வேலை முடியும்.