றொபேட் ஸ்ரீபன்சன் (1803 – 1859)

புகையிரத வரலாற்றில் தந்தையும் மகனுமாகப் புகழ்பெற்றவர்கள் ஜோர்ஜ் ஸ்ரீபன்சனும் றொபேட் ஸ்ரீபன்சனும் ஆவர். மகனான றொபேட் 1803 ஒக்டோபர் 16 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகே பிறந்தார். மூன்று வயது நிரம்புமுன் தாயை இழந்தார். சிறுவயதில் பள்ளி செல்லாத தந்தை, மகனை நல்ல பாடசாலையில் சேர்த்து, அவன் படித்து வந்ததை மாலையில் தாமும் கற்றார். 1829 இல் றெயின்ஹில் போட்டியில் வென்ற 'றொக்கற்' இயந்திரத்தின் உருவாக்கத்தில் றொபேட்டுக்கே பெரும்பங்குண்டு. இலண்டன் – பேர்மிங்காம் பாதையை 1838 இல் முடித்தார்.

இரும்பு வெப்பமேற விரியும், குளிர ஒடுங்கும். எனவே தண்டவாளத் துண்டுகளுக்கிடையே இடைவெளி விடப்பட்டது. அவற்றை இணைக்கும் தகடுகளில் ஆணித் துளைகள் சற்று நீளமாக அமைக்கப்படும். இடைவெளி போதாவிடின் கோடையில் தண்டவாளம் வளையும். தரையில் இது எளிது. கடலுக்கு மேலே என்ன செய்வது?

1847 மே 24 இல், றொபேட் அமைத்த டீ ஆற்றுப் பாலத்தின் வார்ப்பிரும்பு வளை முறிந்து ஐவர் இறந்தனர். (இது விரிவினால் நேர்ந்ததன்று.) விசாரணையில் அவர்மீதே குற்றஞ் சுமத்தப்படும் நிலை வந்தது. அவ்வேளை அதனிலும் பெரியதொரு பாலம் அவர் பொறுப்பில் இருந்தது. அதுவே வேல்சையும் அங்கிள்சித் தீவையும் பிரிக்கும் மெனாய் நீரிணையின் பிரித்தானியா பாலம்.

புகையிரதம் உள்ளே ஓடத்தக்க பெட்டிவடிவக் குழாய்களைத் தேனிரும்புத் தகடுகளால் அமைக்க அவர் தீர்மானித்தார். பெயார்பெயின் மாதிரிகளைச் சோதித்தார். ஹொட்கின்சன் கணிப்புகளைச் செய்தார். தூக்கும்போது ஒவ்வோர் அடியாகக் குழாயின் கீழே முட்டுக் கொடுக்கும்படி றொபேட் கட்டளையிட்டிருந்தார். 1849 ஓகஸ்டில் நீரியல் அழுத்தி வெடித்தபோது குழாய் சில அங்குலமே விழுந்து தப்பியது இதனாலேயே.

இணைத்த பின் குழாயின் நீளம் ஏறத்தாழ 460 மீற்றர். அதை நடுக்கோபுரத்தில் மட்டும் பொருத்தி, மற்றைய கோபுரங்களிலும் இரு கரைகளிலும் வார்ப்பிரும்பு உருளைகள்மீது வைத்தார். முனைகளையும் இறுக்கியதாக விடை எழுதுதல் தவறு. நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 230 மீற்றர். இரும்பின் நீள விரிகைத்திறனை பாகை செல்சியசுக்கு 0.000012 எனக் கொண்டால், வெப்பநிலை 30 பாகை உயரும்போது

230 × 0.000012 × 30 = 0.083 மீற்றர் (அண்ணளவாக)

அதாவது ஒவ்வொரு முனையும் 8 சதமமீற்றருக்கு மேல் நகரும். முனைகளை இறுக்கியிருந்தால் அவ்விசை முழுவதும் கற்கோபுரங்களையே தாக்கியிருக்கும்.

1850 மார்ச்சில் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு அளிக்கவிருந்த 'சேர்' பட்டத்தை றொபேட் ஏற்கவில்லை. 1859 ஒக்டோபர் 12 இல் காலமாகி வெஸ்ற்மினிஸ்ரர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டார். 120 ஆண்டுகள் உழைத்த அக்குழாய்கள் 1970 மே 23 இல் தீயினால் சிதைந்தன. பழைய கோபுரங்களுக்கிடையே உருக்கு வில்வளைவுகள் அமைக்கப்பட்டு, 1972 இல் மீண்டும் புகையிரதம் ஓடியது.