ஓட்டை விழுந்த குறிப்பேடு

மாணவர்களே, புத்தாண்டு பிறந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. டிசம்பர் இறுதியில் எழுதி வைத்த இலட்சியங்கள் எல்லாம் நலமா? உங்களைக் கேட்பதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விடுதி அறையைக் காலி செய்த அன்று மேசை இழுப்பறையில் நான்கு நாட்குறிப்பேடுகள் கிடைத்தன. ஆண்டுக்கு ஒன்றாக நான் வாங்கியவை. நான்கிலும் முதல் பக்கத்தில் இனி வீண்செலவு செய்யமாட்டேன் என்று என் கையெழுத்தில் இருந்தது. இரண்டாவது வாரத்திற்குப் பிறகு நான்கும் வெற்றுத்தாள். வீண்செலவு செய்யமாட்டேன் என்று எழுதுவதற்கே ஆண்டுதோறும் முப்பது ரிங்கிட் செலவழித்திருக்கிறேன்!

அந்த வாரம்தான் பெஞ்சமின் பிராங்கிளினின் சுயசரிதையைப் படித்துக்கொண்டிருந்தேன். மின்னலில் பட்டம் விட்டவர், அமெரிக்காவின் நூறு டாலர் நோட்டில் இருப்பவர் என்ற அளவில்தான் அவரை எனக்குத் தெரியும். இலட்சியக் குறிப்பேடு வைத்திருந்தவர் என்பது புதிய செய்தி.

பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை சவர்க்காரமும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவர். அவருக்குப் பதினேழு பிள்ளைகள். பிராங்கிளினின் பள்ளிப் படிப்பு இரண்டே ஆண்டுகளில் முடிந்துவிட்டது. ஏழு வயதில் ஒரு பண்டிகை நாளில், உறவினர்கள் கொடுத்த காசுகளுடன் கடைக்குக் கிளம்பினார். வழியில் ஒரு சிறுவன் ஊதிய ஊதலின் சத்தம் பிடித்துப்போக, கையிலிருந்த காசு முழுவதையும் கொடுத்து அதை வாங்கிவிட்டார். வீட்டில் ஊதி ஊதி எல்லாரையும் தொல்லைப்படுத்தினார். அண்ணன்மாரும் அக்காமாரும் அதன் விலையைக் கேட்டுவிட்டு, நான்கு மடங்கு கொடுத்து ஏமாந்துவிட்டாய் என்று சிரித்தார்கள். அவர் அழுதுவிட்டார். ஊதல் தந்த மகிழ்ச்சியைவிட அந்த அவமானமே பெரிதாக இருந்தது. இதை அவர் எழுதியது 1779இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு! ஆங் பாவ் பணத்தை ஒரே நாளில் தீர்த்த அனுபவம் நம்மில் சிலருக்கும் உண்டு. நாம் அவ்வளவு காலம் நினைவில் வைத்திருப்போமா என்பது வேறு விஷயம்.

பன்னிரண்டு வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். பதினாறு வயதளவில் ஒரு நூலைப் படித்துவிட்டு இறைச்சியை நிறுத்தினார். தன் சாப்பாட்டுக்கு ஆகும் செலவில் பாதியைக் கையில் தந்தால் போதும், தானே சமைத்துக்கொள்வதாக அண்ணனிடம் சொன்னார். அந்தப் பாதியிலும் பாதியை மிச்சப்படுத்திப் புத்தகம் வாங்கினார். நல்ல திட்டம்தான். ஆனால் 1723இல் பாஸ்டனை விட்டு ஓடியபோது, காற்றில்லாமல் நின்ற கப்பலில் சக பயணிகள் மீன் பிடித்துப் பொரித்தார்கள். வாசனை மூக்கைத் துளைத்தது. பெரிய மீனின் வயிற்றிலிருந்து சின்ன மீன்கள் வெளிவந்ததைப் பார்த்ததும் அவருக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. நீங்கள் ஒருவரையொருவர் தின்னும்போது நான் உங்களைத் தின்றால் என்ன? நன்றாகச் சாப்பிட்டார். மனம் விரும்புவதற்கெல்லாம் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கும் அறிவு எவ்வளவு வசதியானது என்று பின்னாளில் தன்னையே கிண்டல் செய்துகொண்டார். மலிவு விற்பனையின்போது என் அறிவும் இப்படித்தான் வேலை செய்கிறது.

பிலடெல்பியாவில் சொந்த அச்சகம் தொடங்கிய காலத்தில் எளிமையாக உடுத்தினார். வாங்கிய காகிதத்தைத் தாமே தள்ளுவண்டியில் வைத்துத் தெருவழியே தள்ளிக்கொண்டு வருவார். ஊரார் பார்க்கட்டும் என்பதற்காகவும் அப்படிச் செய்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மைதான் எனக்கு அவரிடம் பிடித்தது.

அந்தக் காலத்தில்தான் பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டார். மூன்றாவது ஒழுங்கு, ஐந்தாவது சிக்கனம். ஒரு சிறு குறிப்பேட்டில், ஒரு குணத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். சிவப்பு மையால் நாளுக்கு ஒன்றாக ஏழு கட்டங்களும், குறுக்கே பதின்மூன்று வரிகளும் போட்டார். தவறிய நாளில் அந்தக் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி. பதின்மூன்றையும் ஒரே மூச்சில் சாதிக்க அவர் முயலவில்லை. ஒரு வாரம் ஒரு குணத்தில் மட்டும் முழுக் கவனம். மற்றவற்றில் விழும் புள்ளிகளைக் குறித்துக்கொள்வதோடு சரி. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று.

இங்கேதான் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். சுற்று முடிந்ததும் அவர் புதிய குறிப்பேடு வாங்கவில்லை. பழைய புள்ளிகளைச் சுரண்டி அழித்துவிட்டு அதே தாளில் மீண்டும் தொடங்கினார். அழித்து அழித்துத் தாளில் ஓட்டைகள் விழுந்தன. அதன் பிறகு கோடுகளைத் தந்தத் தகடுகளில் அழியாத மையால் வரைந்து, புள்ளிகளைப் பென்சிலால் வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். என் நான்கு குறிப்பேடுகளையும் நினைத்துக்கொண்டேன்.

இதற்காக அவரை முற்றும் துறந்த முனிவர் என்று எண்ணிவிட வேண்டாம். காலையில் அவர் ரொட்டியும் பாலும் சாப்பிட்டது இரண்டு பென்ஸ் மண் கிண்ணத்தில். ஒருநாள் அதே இடத்தில் சீனக் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் இருந்தன. மனைவி டெபோரா வாங்கியவை. விலை 23 ஷில்லிங். (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், கணக்குப் போட்டுப் பாருங்கள்.) அண்டை வீட்டாருக்கு உள்ளது தன் கணவருக்கும் வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். வசதி கூடக் கூட அந்த வீட்டின் பீங்கானும் வெள்ளியும் பல நூறு பவுன் மதிப்புக்கு வளர்ந்தன.

டெபோராவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 1757இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, தாம் ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த பஞ்சாங்கத்துக்குப் பிராங்கிளின் ஒரு முன்னுரை எழுதினார். அதில் ஒரு முதியவர், ஏலக் கடை திறப்பதற்காகக் காத்திருக்கும் கூட்டத்துக்கு அறிவுரை சொல்வார். மலிவு என்பதற்காகத் தேவையில்லாததை வாங்காதீர்கள், கடன் வாங்கி அலங்காரம் செய்யாதீர்கள் என்று நீளமாகப் பேசுவார். மக்கள் தலையாட்டிக் கேட்பார்கள். ஏலம் தொடங்கியதும் முண்டியடித்துக்கொண்டு வாங்குவார்கள்! அது 1758ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் வெளிவந்தது. அதே 1758 பிப்ரவரியில், இலண்டனிலிருந்து பிராங்கிளின் வீட்டுக்குப் பெட்டி பெட்டியாகப் பொருள் அனுப்பினார். பலவகைப் பீங்கான், உப்புக்கு வெள்ளிக் கரண்டிகள், மேசை விரிப்புகள், கம்பளம், ஆப்பிளின் நடுத்தண்டை எடுக்க ஒரு கருவி. பருமனான ஒரு பீர்ச் சாடி, பார்த்தவுடன் மனைவியை நினைவூட்டியதால் வாங்கப்பட்டது. அந்த ஏலக் கூட்டத்தில் எழுதியவரும் நின்றிருக்கிறார்.

இதைப் படித்து எனக்கு ஏமாற்றம் வந்ததா என்றால், இல்லை. கொஞ்சம் நிம்மதிதான் வந்தது. புள்ளியே இல்லாத மனிதராக அவர் இருந்திருந்தால் புத்தகத்தை மூடி வைத்திருப்பேன்.

சிக்கனத்தைவிட அவரை அதிகம் படுத்தியது ஒழுங்கு. எந்தப் பொருளையும் அதன் இடத்தில் வைக்க அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஒருகட்டத்தில் விட்டுவிடலாம் என்றே நினைத்தாராம். அதற்கு ஒரு கதை சொல்கிறார். ஒருவன் கோடரியின் வாய் மட்டும் அல்ல, முழுப் பரப்பும் பளபளக்க வேண்டும் என்று கொல்லரிடம் கேட்டான். சாணைச் சக்கரத்தை நீ சுற்று, நான் தீட்டுகிறேன் என்றார் கொல்லர். சுற்றிச் சுற்றிக் கை சோர்ந்ததும், புள்ளி உள்ள கோடரிதான் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனான். தன் கதையும் அதுதான் என்று எழுபத்தெட்டு வயதில், பிரான்சில் இருந்தபோது பிராங்கிளின் எழுதினார். ஆனால் அந்தச் சிறு குறிப்பேட்டை மட்டும் பல ஆண்டுகள் உடன் வைத்திருந்தார். 1790இல், எண்பத்து நான்காம் வயதில் மறைந்தார்.

இந்த ஜனவரியில் நான் குறிப்பேடு வாங்கவில்லை. பழைய நான்கில் ஒன்றை எடுத்தேன். தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தமில்லை, பரவாயில்லை. வீண்செலவு என்ற ஒரே ஒரு வரிக்கு மட்டும் கட்டம் போட்டிருக்கிறேன். இந்த வாரம் மூன்று கரும்புள்ளிகள். அதில் ஒன்று தண்ணீர்ப் புட்டி. வீட்டில் ஏற்கெனவே ஐந்து இருக்கின்றன.