தஞ்சையில் கயிறு அறுந்தது! நசுங்கிய கருவியை 6 வாரத்தில் சரி செய்த லாம்டன்

இந்தியாவை முக்கோணம் போட்டு அளந்த வில்லியம் லாம்டன், வேலையை ஆரம்பித்த இடம் நம்ம பரங்கிமலை!

வெள்ளைக்கார ராணுவ அதிகாரியான அவர், 1802 ஏப்ரலில் 100 அடி எஃகுச் சங்கிலியோடு அங்கே வந்து இறங்கினார். பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோ மீட்டர். கொளுத்தும் வெயிலில் 57 நாள் அளந்தார்.

ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் போதும், முக்கோணத்தின் மற்ற 2 பக்கமும் கணக்கில் வந்துவிடும். ஊர் ஊராகச் சங்கிலி இழுக்க வேண்டாம். பூமி உருண்டை எந்த அளவுக்குத் தட்டை என்பதையும் இதை வைத்தே பார்க்க நினைத்தார்.

கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை! 1808-ல் தஞ்சை பெரிய கோவில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறு ஆளாக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். இந்த மனுஷன் கூடாரத்துக்குள் போய், 6 வாரம் தட்டிக்கொட்டி சரி பண்ணிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

1823 ஜனவரியில், வேலைக்காகப் போன வழியில், மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் இறந்தார். கல்லறையும் அங்கேதான்.

அடுத்து பொறுப்புக்கு வந்தவர் எவரெஸ்ட். 1865-ல் உலகின் உயரமான சிகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.