மானிப்பாயில் ஏற்றிய விளக்கு: டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்

யாழ்ப்பாண நகரிலிருந்து சில மைல் தூரத்தில் உள்ளது மானிப்பாய். அங்கே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்றொரு பழைய வைத்தியசாலை இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரல்லர், இலங்கையரும் அல்லர். கப்பலேறி வந்த ஓர் அமெரிக்கர். ஆயினும், தமிழில் மேல்நாட்டு வைத்தியத்தைக் கற்பித்தவர், அதற்கெனத் தமிழில் நூல்களை ஆக்கியவர் என்று தேடிப்போனால் முதலில் நிற்கும் பெயர் அவருடையதுதான்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி, மஸச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். பிள்ளைகள் பலரைக் கொண்ட பெரிய குடும்பம். அவருடைய சகோதரர்களுள் ஒருவரான அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற மத்திய பூங்கா உருவாவதற்கு முன்னின்று உழைத்தவர். அண்ணன் ஒரு மாநகரை அழகுபடுத்துவதில் பெயர் பெற்றார். தம்பி உலகின் மறுகோடியில் ஒரு கிராமத்து மக்களின் நோய் தீர்ப்பதில் பெயர் பெற்றார். சாமுவேல் நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். விரும்பியிருந்தால் அந்நகரிலேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ அமெரிக்க மிஷனில் சேர்ந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25.

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டு முதலே யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தனர். வட்டுக்கோட்டையில் 1823இல் ஓர் உயர்கல்விக் கூடத்தையும், உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கியிருந்தனர். டொக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியம் பார்த்திருந்தார். இவர்களுக்குப் பின் வந்த கிறீன், 1848இல் மானிப்பாயில் வைத்தியசாலை ஒன்றை அமைத்தார். அதே ஆண்டில் உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்திய வகுப்பையும் ஆரம்பித்தார். கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870இல். தலைநகரில் வைத்தியம் கற்பிக்கத் தொடங்குவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, வடக்கிலே ஒரு கிராமத்தில் அது கற்பிக்கப்பட்டது என்பது நாம் மறந்துவிட்ட சரித்திரம்.

அக்காலத்தில் வாந்திபேதியும் அம்மை நோயும் ஊர் ஊராகப் பரவி உயிர்களை வாரிக்கொண்டு போயின. பிரசவத்தின்போது சிக்கல் நேர்ந்தால் தாயையும் சேயையும் காப்பாற்ற வழியில்லாதிருந்தது. ஒருவர் வந்து எத்தனை பேரைக் காப்பாற்றிவிட முடியும்? கிறீன் கண்ட விடை, தம்மைப் போன்ற வைத்தியர்களை அந்த மண்ணிலேயே உருவாக்குவது. அவரிடம் பயின்று வெளியேறியவர்கள் 60 பேருக்கு மேல். ஓர் அமெரிக்க வைத்தியர் நாடு திரும்பினாலும், அறுபது தமிழ் வைத்தியர்கள் ஊரிலே இருப்பார்கள் என்பது அவருடைய கணக்கு.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். பாடநூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. மாணவர்களும் ஆங்கிலம் கற்றவர்கள். ஆனால் நோயாளிகள் தமிழர். வைத்தியன் அறிந்தது ஒரு மொழியிலும் நோயாளி பேசுவது இன்னொரு மொழியிலுமாக இருந்தால், அறிவு வைத்தியனோடு நின்றுவிடும், ஊருக்குள் இறங்காது. ஆங்கிலம் கற்றவன் சம்பளத்துக்காக ஊரைவிட்டு வெளியேறிப் போவான் என்பதையும் அவர் கண்டார். ஆகவே தாம் முதலில் தமிழைக் கற்றார். பின்பு வைத்தியத்துக்குத் தமிழைக் கற்பித்தார் என்றே சொல்ல வேண்டும்.

1850களில் கற்றர் என்பவருடைய உடற்கூற்று நூலைத் தமிழாக்குவதோடு பணி தொடங்கியது. 1857இல் பிரசவ வைத்தியம் வெளிவந்தது. 1867இல் சத்திரசிகிச்சை பற்றிய இரண வைத்தியம் வெளிவந்தது. இன்றும் வைத்திய மாணவர்கள் கையில் இருக்கும் கிரேயின் உடற்கூற்று நூல், 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. 1875இல் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம் என்று தொடர்ந்து வந்தன. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். இவை தனியொருவரின் உழைப்பல்ல. டன்போர்த், சப்மன், போல் முதலிய அவருடைய தமிழ் மாணவர்களும் மொழிபெயர்ப்பில் பங்கு கொண்டனர். பெயர்களைப் பார்த்து இவர்களை வெள்ளையர் என்று எண்ணிவிடக் கூடாது. மிஷன் பாடசாலைகளில் படித்த பிள்ளைகளுக்கு, பண உதவி செய்த அமெரிக்கர்களின் பெயர்களைச் சூட்டுவது அக்கால வழக்கம்.

ஒரு கலைச்சொல்லுக்காக அவர்கள் பட்ட பாடு சிறிதல்ல. முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று தேடினர். பழைய வைத்திய வழக்குகளிலும் மக்கள் பேச்சிலும் கிடைத்ததை எடுத்துக்கொண்டனர். கிடைக்காதபோது சமஸ்கிருதத்தை நாடினர். அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்ப மாற்றி எழுதினர். கெமிஸ்தம் என்பது அப்படி வந்த சொல். உடலின் உறுப்புகளை ஒழுங்காக விவரிக்கும் கலைக்கு அங்காதிபாதம் என்று பெயரிட்டது எவ்வளவு பொருத்தம்! தலைமுதல் அடிவரை வருணிக்கும் தமிழ்ப் புலவர் மரபின் வாசனை அதிலே வீசுகிறது.

சரித்திரத்தில் இதற்கு முன்னோடி உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில், அப்பாஸிய கலீபாக்களின் ஆதரவில், கிரேக்க மருத்துவ நூல்கள் அரபு மொழிக்குக் கொண்டுவரப்பட்டன. அப்பணியில் தலைசிறந்து நின்றவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். அவர் ஒரு கிறிஸ்தவர். கண் மருத்துவத்துக்கும் பிறவற்றுக்கும் அரபுச் சொற்களைச் சமைத்துத் தந்தார். அவர் போட்ட அடித்தளத்தின் மேல் அர்ராஸியும் இப்னு ஸீனாவும் எழுந்தனர். அவர்களது நூல்கள் பின்னர் ஐரோப்பாவுக்கே பாடநூல்களாயின. அறிவு ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கைமாறும்போது, கொடுப்பவர் எந்த மதத்தவர் என்பது தடையாக இருக்கவில்லை. மானிப்பாயில் நடந்ததும் அதே வேலைதான், சிறிய அளவில்.

கிறீன் ஒரு மிஷனரி என்பதை மறைக்கத் தேவையில்லை. தமது சமயத்தைப் பரப்புவதே அவர் வந்த நோக்கம். மருந்து கொடுக்குமுன் வேதபோதனை செய்வது அவருடைய வைத்தியசாலையின் வழக்கம். அதே 1822ஆம் ஆண்டில்தான் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். மிஷனரிமாரின் மதமாற்ற முயற்சியை எதிர்த்துச் சைவத்தைக் காக்கப் பாடசாலைகளும் அச்சுக்கூடமும் அமைத்தவர் அவர். ஒரே காலத்தில், ஒரே குடாநாட்டில், ஒருவர் சைவப் பாடநூல்களையும் மற்றவர் வைத்திய நூல்களையும் எழுதினர். கொள்கையில் இருவரும் எதிரெதிர்த் திசை. ஆனால் தமிழ் உரைநடை இருவராலும் வளர்ந்தது. மானிப்பாய்க்கு மருந்து வாங்க வந்தவர்களுள் பெரும்பாலோர் போதனையைக் கேட்டு, மருந்தையும் பெற்று, சைவராகவே வீடு திரும்பினர். வைத்தியசாலையின் கதவு அதற்காக அடைபடவில்லை.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. கிறிஸ்தவராகும் தமிழர் ஐரோப்பிய உடைக்கும் நடைக்கும் மாறுவதைக் கிறீன் விரும்பவில்லை. சமயம் மாறினாலும் தமிழர் தமிழராகவே இருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அரசாட்சி செய்வோரின் நடையுடையே நாகரிகம் என்று கருதப்பட்ட அந்தக் காலத்தில், ஒரு வெள்ளையர் இப்படி எண்ணியது வியப்புக்குரியது.

1857இல் விடுமுறையில் அமெரிக்கா சென்றவர், 1862இல் மார்கிரட் வில்லியம்ஸ் அம்மையாரை மணம் முடித்து மீண்டும் மானிப்பாய் வந்தார். 1864இல் முற்றிலும் தமிழிலேயே நடக்கும் வைத்திய வகுப்பைத் தொடங்கினார். மாணவர் எல்லோருக்கும் இது இனிப்பாக இருக்கவில்லை. அரசாங்க உத்தியோகமும் நல்ல சம்பளமும் ஆங்கிலம் கற்றவர்களுக்கே கிடைத்தன. தமிழில் படித்தால் எதிர்காலம் என்ன என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது. அந்தக் கேள்வி நியாயமானதுதான். கிறீன் தமது முடிவிலிருந்து அசையவில்லை. தமிழில் படித்து வைத்தியராகலாம் என்று நிரூபித்தும் காட்டினார். ஆனால் அவருக்குப் பின் அந்த முயற்சி நிலைக்கவில்லை. கொழும்பு வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திலே நடந்தது. தமிழ் வைத்திய நூல்கள் மெல்ல மெல்ல அலுமாரிக்குள் ஒதுங்கின.

உடல்நலம் குன்றிய கிறீன் 1873இல் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குத் திரும்பினார். ஓய்வெடுக்கப் போனவர் ஓயவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கையெழுத்துப் பிரதிகள் கப்பலில் போகும். அவர் வூஸ்டரில் இருந்தபடியே தமிழைத் திருத்தித் திருப்பி அனுப்புவார். 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்பது தமது கல்லறையில் பொறிக்கப்பட வேண்டுமென்று விரும்பியிருந்தார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. தமிழ் என்றால் என்னவென்று அறியாத ஊரின் மயானத்தில், தமிழரின் பெயர் இன்றும் ஒரு கல்லிலே நிற்கிறது.

கிறீனின் வகுப்புகளில் படித்தவர்கள் ஆண்களே. பெண் நோயாளிகளுக்கெனப் பெண்களின் முயற்சியால் இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலை திறக்கப்பட்டது 1898இல்தான். இன்று நிலைமை மாறிவிட்டது. உயர்தர வகுப்பில் உயிரியலையும் இரசாயனவியலையும் தமிழில் கற்கும் மாணவியர் நம்மிடையே இருக்கிறார்கள். நாளை அவர்களுள் சிலர் வைத்திய பீடம் புகுவார்கள். அங்கே எல்லாம் ஆங்கிலமாகிவிடும். அந்த ஆங்கிலத்தை அவர்கள் நன்றாகவே கற்க வேண்டும். ஆனால் தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனையோ வீடுகளில், வைத்தியசாலைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாசித்துச் சொல்லப் படிக்கிற மகள் பாடசாலையிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். தன் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தன் மொழியில் அறிந்துகொள்ள அந்தத் தாய்க்கு உரிமை இல்லையா?

கடல் கடந்து வந்த ஒருவர், தாம் பிறக்காத ஊரின் மொழியை இதற்காகவே கற்றார். அந்த மொழியிலேயே பிறந்தவர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. படித்ததைப் பக்கத்தில் இருப்பவருக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்தால் போதும். விளக்கு எரிவது தனக்காக அல்ல. மானிப்பாய் வைத்தியர் அதை உணர்ந்திருந்தார்.